தனிச் சவாரியும் கூட்டுச் சவாரியும்

சனி, ஞாயிறுகளில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்னைத் திருவான்மியூரைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது தூரம் சென்று பார்ப்பவர்கள், இருட்டு முற்றும் விலகாத அந்த வேளையிலேயே, பின்புறம் சிவப்பு விளக்கு மினுக்க, பதினைந்து இருபது சைக்கிள்கள் ஒரே வேகத்தில் மகாபலிபுரத்தை நோக்கி விரைவதையும், அந்தக் கோஷ்டிக்கு அரை மைல் முன்னாலோ பின்னாலோ, எவரோடும் சேராமல், ஒருவர் மட்டும் தம் போக்கில் மிதித்துச் செல்வதையும் காணலாம். ஒருவரையொருவர் கடக்கும்போது இரு தரப்பாரும் கையைத் தூக்கி மரியாதை செய்துகொள்வதுண்டு. ஆனால் கோஷ்டியார் மனத்தில் 'பாவம், துணை கிடைக்காதவர்' என்ற எண்ணமும், தனியே செல்பவர் மனத்தில் 'பாவம், நினைத்த இடத்தில் நிற்க முடியாதவர்கள்' என்ற எண்ணமும் ஓடாமலிருப்பதில்லை. இந்த இரண்டு இரக்கங்களில் எது நியாயமானது என்ற தர்க்கம் நேற்று முளைத்ததல்ல. ஏறக்குறைய நூற்றைம்பது வருஷ காலமாக அது நடந்து வருகிறது. அதன் பொருட்டுச் சங்கங்கள் பிளந்திருக்கின்றன. ஒரு தேசத்தில் பந்தயக்காரர்கள் கறுப்பு உடை தரித்துக்கொண்டு ஒளிந்து ஓட்டும்படியும் நேர்ந்திருக்கிறது.

மனிதர்களின் குணபேதத்தை ஆராய்வதற்கு முன்னால் காற்றின் குணத்தை அறிந்துகொள்வது நல்லது. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும்போது, காலின் உழைப்பில் மிகப் பெரும் பகுதி எதிரே நிற்கும் காற்றை விலக்கி வழி செய்துகொள்வதிலேயே செலவாகிவிடுகிறது. டயர் சாலையில் உரசுவதாலும் சங்கிலி தேய்வதாலும் உண்டாகும் நஷ்டம் அதற்கு முன் சொற்பம். அன்றியும், வேகத்தை இரண்டு மடங்காக்க விரும்புகிறவர், காற்றை எதிர்க்க மாத்திரம் எட்டு மடங்கு சக்தியைச் செலவிட வேண்டியிருக்கிறது. ஆனால் முன்னே செல்பவருடைய பின் சக்கரத்திலிருந்து ஓரடி, இரண்டடி தள்ளித் தொடர்கிறவருக்கோ, முன்னவர் ஏற்கெனவே கலைத்துவிட்ட காற்றே எதிர்ப்படுவதால், உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. நெதர்லாந்து தேசத்து ஐந்தோவன் நகரப் பல்கலைக்கழகத்தில் பெர்ட் பிளாக்கன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும், 121 பேர் நெருக்கமாகச் செல்லும் ஒரு பந்தயக் கூட்டத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து, 2018-ஆம் வருஷம் அதன் முடிவை வெளியிட்டார்கள். கூட்டத்தின் உள்ளே, பின்பகுதியில் ஒதுங்கிச் செல்கிறவருக்கு ஏற்படும் காற்றுத் தடை, அதே வேகத்தில் தனியே செல்பவருக்கு ஏற்படுவதில் 5 முதல் 10 சதவிகிதமே என்று அவர்கள் கண்டார்கள். முன்னே செல்பவருக்கும் சிறிது லாபம் உண்டு என்பது இதில் ஒரு விசித்திரம்: அவருடைய முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று இழுப்பதை, பின்தொடர்கிறவரின் இருப்பே ஓரளவு தணித்துவிடுகிறது.

மணிக்கு 12, 15 கிலோமீட்டர் வேகத்தில் கடைத்தெருவுக்கோ அலுவலகத்துக்கோ செல்கிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் அவசியமில்லை. அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டல்ல. ஆகையால் நிதானமாகச் செல்பவர்கள் சேர்ந்து செல்வது பேச்சுத் துணைக்காகவே என்றும், விரைந்து செல்பவர்கள் சேர்ந்து செல்வது காற்றுக்காகவே என்றும் பொதுவாகச் சொல்லலாம். வேகம் ஏற ஏறப் பேச்சு குறைந்துபோவதைக் கோஷ்டியாகச் செல்லும் எவரும் கவனித்திருப்பார்கள். நண்பர்களாகப் புறப்பட்டவர்கள் முப்பதாவது கிலோமீட்டரில் ஒருவர் நிழலில் ஒருவர் ஒதுங்கும் பங்காளிகளாகிவிடுகிறார்கள்.

இந்த ஒதுக்கம் இலவசமாகக் கிடைப்பதல்ல. முன்னே சென்று காற்றைத் தாங்கும் வேலையை ஒவ்வொருவரும் முறை வைத்துச் செய்ய வேண்டும். தம்முடைய முறை முடிந்தவர் சிறிது விலகி, வரிசை தம்மைக் கடந்து செல்லவிட்டுக் கடைசியில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். பலவீனமானவர் தம் முறையைச் சுருக்கிக்கொள்ளலாம். அதை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை. ஆனால் முன்னே வராமலே கடைசிவரை ஒட்டிக்கொண்டு வந்து, ஊர் எல்லை கண்ணில் பட்டதும் மாத்திரம் சீறிப் பாய்ந்து முதல்வராகச் சேருகிறவரைப் பற்றி டீக்கடையில் என்ன பேச்சு நடக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பக்கக் காற்று வீசும்போது விவகாரம் இன்னும் சிக்கலாகும். பகல் ஏறியதும் கடற்காற்றுக் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். சென்னைக்குத் திரும்பும் கோஷ்டிக்கு அது வலப்புறத்திலிருந்து வரும். அப்பொழுது நேர் பின்னால் ஒதுங்குவதில் பயனில்லை. ஒவ்வொருவரும் முன்னவருக்குச் சற்று இடப்புறமாகச் சாய்ந்து, வரிசை சாலையின் குறுக்கே கோணலாக விரிய வேண்டும். பந்தயத்துக்காக மூடப்பட்ட சாலையில் இது அழகான காட்சி. பஸ்ஸும் லாரியும் ஓடுகிற சாலையில் முதல்வர் நடுச்சாலை வரை போக வேண்டியிருக்கும் என்பதால், இரண்டு மூன்று பேருக்கு மேல் இதைச் செய்வது உயிரோடு விளையாடுவதாகும். மற்றவர்கள் காற்றைத் தின்றுகொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

கூட்டுச் சவாரியின் அபாயம் காற்றில் இல்லை, பார்வையில் இருக்கிறது. முன்னால் இருப்பவரின் முதுகுதான் பின்னால் வருகிறவருக்குத் தெரியும் சாலை. பள்ளம், கல், கண்ணாடித்துண்டு, குறுக்கே ஓடும் நாய் ஆகிய எதையும் அவர் தம் கண்ணால் காண்பதற்கில்லை. ஆகவே முன்னே செல்பவர் பள்ளத்தைக் கையால் சுட்டிக் காட்டுவதும், வேகத்தைக் குறைப்பதற்கு முன்னால் உள்ளங்கையைப் பின்புறம் விரித்துக் காட்டுவதும், கடைசியில் இருப்பவர் பின்னால் வாகனம் வருவதைக் கூவிச் சொல்வதும், அச்செய்தி ஒருவர் வாய் மாறி ஒருவர் வாயாக முன்வரிசையைச் சென்றடைவதும் மரியாதைக்காக ஏற்பட்ட சம்பிரதாயங்களல்ல; அவை பிறருடைய எலும்புகளைக் காப்பாற்றும் கடமைகள். முன்னவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தம் முன் சக்கரத்தை நுழைத்துக்கொண்டு செல்வது புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. முன்னவர் சற்று ஒதுங்கி இரண்டு சக்கரங்களும் தொட்டுக்கொண்டால், அநேகமாக விழுகிறவர் பின்னவரே. அவருக்குப் பின்னால் வருகிறவர்களும் அவர்மேலேயே விழுவார்கள்.

மற்றொரு தோஷமும் உண்டு. இருவர் இணையாகச் செல்லும்போது ஒருவர் தம் சக்கரத்தை எப்போதும் மற்றவருடையதைவிட அரைச் சக்கரம் முன்னால் வைத்திருப்பார். மற்றவர் சமமாக வர முயன்றால் இவர் தம்மை அறியாமலே இன்னும் சிறிது விரைவார். இருபது நிமிஷத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கும். ஆங்கில சங்கங்களில் 'ஹாஃப் வீலிங்' என்று இதற்குப் பெயரிட்டு, ஒழுக்கக் குறைவாகவே கருதுகிறார்கள். பிரான்ஸில் சாந்த் எத்தியென் நகரில் வாழ்ந்து, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதி, நெடும்பயணக்காரர்களுக்கெல்லாம் ஆசான்போல விளங்கிய பால் த விவி என்பவர் சவாரிக்காரர்களுக்குச் சில விதிகளை வகுத்தார்: பசிக்கும் முன் உண்பது, தாகம் எடுக்கும் முன் குடிப்பது முதலியவற்றோடு, வீண் பெருமைக்காக ஒருபோதும் மிதிக்கக்கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. முதல் இரண்டையும் தனியே செல்பவர் மறந்துவிடுவார். கடைசி விதியை மீறுவதற்கோ பக்கத்தில் இன்னொருவர் வேண்டும்.

என் சொந்த விருப்பம் தனிச் சவாரியின் பக்கமே சாய்வது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முட்டுக்காட்டுப் பாலத்தின்மேல் நின்று உப்பங்கழியில் படகு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்றால் நிற்கலாம். நுங்குக்காரர் அரிவாளைத் தீட்டும் ஒலி காதில் விழுந்தால் இறங்கலாம். கால் ஓய்ந்தால் வேகத்தைக் குறைக்கலாம். யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. கிராமத்து ஜனங்களும் தனியே வருகிறவரிடம்தான் பேச்சுக் கொடுப்பார்கள். இருபது பேர் ஒரே நிறச் சட்டையோடு வந்திறங்கினால், ஏதோ உத்தியோகஸ்தர் கூட்டம் என்று எண்ணி விலகி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அதே தனிமை, டியூப் பஞ்சராகி, கையில் பம்ப் இல்லாமல், அடுத்த ஊர் எட்டுக் கிலோமீட்டர் என்று மைல்கல் சொல்லும் தறுவாயில் வேறு முகத்தைக் காட்டும் என்பதும் உண்மையே. டயர் லீவர், மாற்று டியூப், பம்ப், சில நாணயங்கள், வீட்டாருக்குத் தெரிந்த மார்க்கம் ஆகிய இவையில்லாமல் தனியே தொலைதூரம் புறப்படுவதைத் துணிவு என்று நான் அழைக்கமாட்டேன்.

ஆனால் தனியே செல்லும் சுகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடும் சரித்திரம் ஒன்று உண்டு. லண்டனில் 1870-ஆம் வருஷம் ஜூன் மாதம், நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் காலமான இரண்டு வாரத்துக்குள், சில நண்பர்கள் கூடி ஒரு சைக்கிள் சங்கத்தை ஆரம்பித்து, அதற்கு அவருடைய கதாபாத்திரமான பிக்விக்கின் பெயரைச் சூட்டினார்கள். இன்றும் நடந்துவரும் அந்தச் சங்கத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அந்த நாவலின் பாத்திரங்களில் ஒருவருடைய பெயர் வழங்கப்படுகிறது. அதற்குப் பின் வந்த வருஷங்களில் முன் சக்கரம் ஆள் உயரத்தை எட்டிப் பிடிக்கும் வண்டிகளே பந்தயத்திலும் பிரயாணத்திலும் ஓடின. ஒரு கல் தடுக்கினால் ஏறியிருப்பவர் தலைகுப்புற விழுவார். சாலைகளோ குண்டும் குழியும். குதிரை வண்டிக்காரர்களுக்கு இந்தப் புதிய ஜந்துவைக் கண்டாலே ஆகாது. சிறுவர்கள் சக்கரத்தில் கோலை நுழைப்பார்கள். ஆகையால் சீருடை தரித்து, ஒரு தலைவர் முன்னே செல்ல, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒருவர் ஊதுகொம்பினால் குறிப்புக் கொடுக்க, படைபோல அவர்கள் புறப்பட்டதைப் பகட்டு என்று மாத்திரம் தள்ளிவிடுவதற்கில்லை. தனியே சென்று அடிபட்டவர்கள் கூடிச் செல்லத் தொடங்கினார்கள் என்பதே அதன் காரணம்.

1878-இல் யார்க்ஷயரில் ஹாரோகேட் என்ற ஊரில் தோன்றி, பின்னர் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்று பெயர் பெற்ற சங்கம், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அறுபதினாயிரம் அங்கத்தினர்களைச் சேர்த்துக்கொண்டது. பிரயாணிகளுக்கு நியாயமான விலையில் உணவும் படுக்கையும் தருவதற்கு ஒப்புக்கொண்ட விடுதிகளின் சுவரில், சிறகு முளைத்த சக்கரத்தின் உருவம் பொறித்த தகடுகளை அது பதித்தது; செங்குத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டது; 1886-இல், பந்தயக்காரர்களின் சங்கத்தோடு சேர்ந்து, சாலைகளைச் சீர்திருத்துவதற்கென்றே தனிச் சங்கம் ஒன்றை நிறுவியது. 1888-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் சைக்கிளையும் வண்டி என்று அங்கீகரித்து, சாலையில் அதற்கு உரிமையை நிச்சயித்தது. இவற்றின் பலனை அனுபவித்தவர்களில் பலர் சங்கத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள்.

ஒரு வழக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். பாவாடையைக் களைந்து, சைக்கிள் ஏறுவதற்குச் சௌகரியமான அகன்ற கால்சட்டையை அணிந்துகொள்வதை இங்கிலாந்தில் வற்புறுத்திவந்த பிரபுகுலப் பெண்மணி ஹார்பர்ட்டன் சீமாட்டி, 1898-இல் சர்ரே ஜில்லாவில் ஒரு விடுதிக்குச் சைக்கிளில் வந்து சேர்ந்து, சிற்றுண்டி கேட்டார். அந்த உடையோடு மற்ற விருந்தினர் அமரும் அறையில் இடம் தர முடியாது, மதுக்கடைப் பக்கத்து அறையில் வேண்டுமானால் உட்காரலாம் என்று விடுதித் தலைவி சொல்லிவிட்டார். சீமாட்டி அங்கத்தினராயிருந்த சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் அதைத் தன் விவகாரமாக ஏற்று மறுவருஷம் நீதிமன்றம் சென்றது. ஜூரிகள் விடுதியின் பக்கமே தீர்ப்பளித்தார்கள். தோற்ற வழக்குத்தான். ஆயினும் சாலையோரத்து அவமானம் ஒன்று தேசம் முழுவதும் பத்திரிகைகளில் பேசப்பட்டது, ஒரு சங்கம் பின்னால் நின்றதனால்தான்.

தனிப் பயணிகளுக்குச் சிகரமாகச் சொல்லப்படும் தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884-இல் சான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து உயர்ந்த சக்கர வண்டியில் புறப்பட்டு, 1886 டிசம்பரில் யோகஹாமாவில் உலகப் பயணத்தை முடித்தார். இடையில் லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டுச் சாலையிலும் ஓட்டினார். அவரும் முழுத் தனியர் அல்லர்: வழியிலே பல ஊர்களில் சைக்கிள் சங்கத்தார் எதிர்கொண்டு அழைத்தார்கள், ஹங்கேரியில் இகாலி என்பவர் பல நாள் துணைவந்தார்.

இங்கிலாந்திலேயே இதற்கு நேர் விரோதமான நாடகம் ஒன்றும் நடந்தது. 1894-இல் லண்டனுக்கு வடக்கே நார்த் ரோடு சங்கத்தார் நடத்திய ஐம்பது மைல் பந்தயத்தில், கூட்டமாக விரைந்த சைக்கிள்களைக் கண்டு ஒரு மாதின் வண்டிக்குதிரை மிரண்டது. சவாரிக்காரர் சிலரும் விழுந்தார்கள். போலீஸாரிடம் புகார் போயிற்று. பந்தயக்காரர் சங்கம் சர்க்கார் சைக்கிளையே சாலையிலிருந்து விரட்டிவிடுமோ என்று அஞ்சி, பொதுச் சாலையில் கூட்டப் பந்தயமே வேண்டாமென்று விதித்தது. பந்தயத்தின் ருசியை விட முடியாதவர்கள் ஓர் உபாயம் கண்டார்கள்: மறு வருஷமே, ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மாத்திரம் போட்டியிடும் முறை தொடங்கியது. விடியற்காலையில் யாரும் எழுந்திராத வேளையில், கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு உடையில், பந்தயக்காரர் என்று யாரும் சந்தேகிக்காதபடி அவர்கள் ஓட்டினார்கள். பாதைகளுக்குக்கூட ஊர்ப்பெயரைச் சொல்லாமல் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ரகசியக் குறிகளே வழங்கின. ரகசியத்துக்குக் காரணம் மறைந்து எத்தனையோ காலமாகியும் அக்குறிகள் இன்னும் மறையவில்லை. முன்னால் செல்பவரை எட்டிப் பிடித்தவர் அவருக்குப் பின்னால் ஒதுங்கி இளைப்பாறக்கூடாது. ஒன்று கடந்துபோக வேண்டும், அல்லது பின்தங்க வேண்டும்.

இப்படிப் பயத்தினால் பிறந்த தனிமை அரை நூற்றாண்டில் ஒரு பெருமையாக மாறிவிட்டது. எவ்வளவு பெருமை என்றால், 1942-இல் யுத்த காலத்தில் சாலைகள் வெறிச்சோடிக் கிடக்க, பெர்ஸி ஸ்டாலர்ட் என்பவர் போலீஸாரின் ஒத்துழைப்போடு வேல்ஸிலுள்ள லங்கோலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டன் வரை நாற்பது பேரை ஒன்றாகப் புறப்படச் செய்தபோது, கோபித்துக்கொண்டு அவரை விலக்கிவைத்தது சர்க்கார் அல்ல. அவருடைய சொந்தச் சங்கமே. விலக்கப்பட்டவர்கள் போட்டிச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். இரண்டும் 1959-இல்தான் இணைந்தன. ஆனால் தனிப் பந்தயம் என்னும் அந்தச் செடியில் மலர்ந்த ஒரு நிகழ்ச்சிக்காக நான் அவர்களை மன்னித்துவிடுவேன். 1967-இல் யார்க்ஷயரில் நடந்த பன்னிரண்டு மணி நேரப் போட்டியில், மார்லி ஊரைச் சேர்ந்த பெரில் பர்ட்டன் என்ற பெண்மணி, ஆண்களில் புதிய சாதனையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த மைக் மெக்நமாராவைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தார். கடந்துபோகும்போது என்ன சொல்வதென்று தெரியாமல், பையிலிருந்து ஓர் அதிமதுர மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அன்று மெக்நமாரா ஓட்டிய 276.52 மைல் ஆண்களின் புதிய சாதனையாயிற்று. பர்ட்டன் ஓட்டியதோ 277.25 மைல்.

பிரான்ஸில் இந்தத் தர்க்கம் முழுவதும் ஒரே மனிதரைச் சுற்றி நடந்தது என்று சொல்லலாம். 1893-இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை நிறுவியவரும், 1903-இல் 'டூர் த பிரான்ஸ்' பந்தயத்தை ஆரம்பித்தவருமான ஹென்ரி டெக்ராஞ்ஜ், தம்முடைய பந்தயக்காரர் எவரும் எவரிடமும் உதவி பெறக்கூடாது என்பதில் பிடிவாதமுள்ளவர். 1913-இல் யூஜீன் கிறிஸ்டோஃப் என்ற வீரருக்கு, பிரனீஸ் மலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது முன் ஃபோர்க் முறிந்தது. சைக்கிளைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரு கிராமத்துக் கொல்லன் உலையை அடைந்தார். பந்தய அதிகாரிகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, இரும்பைக் காய்ச்சித் தம் கையாலேயே அடித்துச் சேர்த்தார். துருத்தியை ஊதுவதற்கு மூன்றாவது கை இல்லாமற் போகவே ஒரு சிறுவன் ஊதிக்கொடுத்தான். அது பிறர் உதவி என்று கூறி அவருக்குப் பத்து நிமிஷம் அபராதம் விதித்து, பின்னர் மூன்று நிமிஷமாகக் குறைத்தார்கள்! ஏற்கெனவே மணிக்கணக்கில் பின்தங்கிவிட்டவருக்கு மூன்றென்ன, பத்தென்ன? விதி என்பதற்காகவே விதித்த விதி அது.

அதே டெக்ராஞ்ஜ், சாதாரண உல்லாசப் பயணிகளுக்கோ எதிரான தர்மத்தைப் போதித்தார். 1897-இல் இத்தாலிய சைக்கிள்காரர் சிலர் சூரியோதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டர் ஓட்டித் தங்களுக்கு 'ஆடாக்ஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டதைக் கேள்வியுற்று, 1904-இல் அந்த வழக்கத்தைப் பிரான்ஸில் புகுத்தினார். ஆடாக்ஸ் முறையில் அனைவரும் ஒரே கூட்டமாக, சாலைத் தலைவர் ஒருவருக்குப் பின்னால், நிர்ணயித்த வேகத்தில் செல்ல வேண்டும். இன்று அவ்வேகம் மணிக்கு 22.5 கிலோமீட்டர். தலைவரைக் கடந்து எவரும் செல்லக்கூடாது. நம் ஊர்களில் முன்பு இரவெல்லாம் நெல் மூட்டை ஏற்றிச் சென்ற மாட்டு வண்டித் தொடரில், முதல் வண்டியின் லாந்தரை நம்பிப் பின் வண்டிக்காரர்கள் கண்ணயர்ந்துவிடுவார்களே, அத்தகைய நிம்மதி இந்த முறையில் இருக்கிறது: வேகத்தைப் பற்றியோ வழியைப் பற்றியோ கவலைப்பட வேண்டியதில்லை, பலசாலி அடங்கி வருகிறார், பலவீனர் ஊக்கம் பெற்று வருகிறார், புறப்பட்ட அனைவரும் சேர்ந்தே போய்ச் சேருகிறார்கள்.

1921-இல் டெக்ராஞ்ஜுக்கும், அவர் பெயரால் இந்தப் பயணங்களை நடத்திவந்த ஆடாக்ஸ் கிளப் பாரிஸியன் என்ற சங்கத்துக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டது. சங்கத்தார் பிரிந்துபோய், தூரமும் மொத்த நேரமும் மாத்திரம் நிர்ணயித்து, இடையிலே எவரும் தம் விருப்பம்போல் செல்லலாம் என்ற வேறொரு முறையை வகுத்தார்கள். இன்று உலகெங்கும் 'ராண்டனரிங்' என்று வழங்குவது அதுவே. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். வழியிலே குறிப்பிட்ட இடங்களில் அட்டையில் முத்திரை பெற வேண்டும். பின்தொடர்ந்து வரும் காரிலிருந்து உணவோ உதிரிப்பாகமோ வாங்கக்கூடாது. முதல்வர், கடைசியர் என்ற வரிசை கிடையாது. இந்தியாவில் சென்னை உட்படப் பல நகரங்களில் இப்பயணங்கள் நடைபெறுகின்றன. நடு இரவில் முத்திரை குத்த ஆளில்லாத இடங்களில் ஏ.டி.எம். சீட்டே அத்தாட்சியாவதும் உண்டு.

இரண்டு முறைகளில் பின்னதே என் மனத்துக்கு உகந்தது. அதிலே தனிமையும் துணையும் சட்டமாக விதிக்கப்படவில்லை. காலையில் தனியே புறப்பட்டவர் எதிர்காற்று வந்ததும் இன்னும் இருவரோடு சேர்ந்து முறை மாற்றிக்கொள்வார், ஏற்றத்தில் பிரிந்துவிடுவார், இரவு இரண்டு மணிக்குக் கண் சொக்கும்போது, முன்பின் அறியாத ஒருவரோடு விளக்கொளியில் குடும்ப விஷயமெல்லாம் பேசிக்கொண்டு செல்வார், விடிந்ததும் அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். நான்கு வருஷங்களுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில் இப்போது 6,000-க்கு மேற்பட்டோர் கலந்துகொள்கிறார்கள். 1891-இல் பந்தயமாகத் தொடங்கி, சார்ல் தெரோன் என்பவர் 71 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு வென்ற அந்த மார்க்கத்தை, சாமானியர்கள் இன்று 90 மணிக்குள் முடித்தால் போதும். கிராமத்தார் வீட்டு வாசலில் மேஜை போட்டு, இரவெல்லாம் விழித்திருந்து, யாரென்று தெரியாதவர்களுக்குக் காப்பியும் தண்ணீரும் கொடுக்கிறார்கள். சக்கர வடிவில் ஒரு தின்பண்டமே அந்தப் பயணத்தின் பெயரால் பிரெஞ்சு மிட்டாய்க் கடைகளில் விற்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் முதல் சில மாதங்களாவது ஒரு சங்கத்தோடு செல்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். சைகைகளையும், பஞ்சர் ஒட்டுவதையும், வேகத்தைச் சீராக வைத்துக்கொள்வதையும் புத்தகத்தில் படித்தால் வராது. சேருமுன் ஒன்றை மாத்திரம் விசாரித்துக்கொள்ள வேண்டும்: பின்தங்கியவருக்காகக் கோஷ்டி காத்திருக்குமா, கடைசி ஆளோடு வருவதற்கென்று ஒருவரை நியமித்திருக்கிறார்களா என்பது. இல்லையென்றால், நாற்பதாவது கிலோமீட்டரில் பழக்கமில்லாத ஊரில் கைவிடப்பட்டு, தாம் விரும்பாத தனிச் சவாரியைச் செய்ய நேரும்.

விரும்பிய தனிச் சவாரி நம் நாட்டில் யாருக்கெல்லாம் எட்டாததாக இருந்தது என்பதற்குப் புதுக்கோட்டை ஜில்லா சாட்சி. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்குச் சைக்கிள் கற்பிப்பதையும் அதனோடு சேர்த்தார். அதுவரை ஒரு கிராமத்துப் பெண் தனியே சைக்கிள் ஏறியிருந்தால் அவளைத் தொடர்ந்து வந்திருக்கக்கூடியவை ஏளனமும் வசைமொழியுமே. முதலில் ஏறியவர்களுக்கு அவை வரவும் வந்தன. ஆனால் ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தவர்கள் நூறு பேரைப் பார்த்து எத்தனை நாள் சிரிக்க முடியும்? குவாரித் தொழிலாளிகளும், விவசாயக் கூலிகளும், ஆசிரியைகளும், அங்கன்வாடி ஊழியர்களும் மைதானங்களில் கூட்டங்கூட்டமாகக் கற்றுக்கொண்டார்கள். 1992-ஆம் வருஷம் சர்வதேச மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள், ஹாண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு, புதுக்கோட்டை நகரத் தெருக்களில் ஊர்வலமாக வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

ஊர்வலம் ஒரு நாளோடு முடிந்தது. அதற்குப் பின் அவர்கள் தனித்தனியே போனார்கள்: தண்ணீர் எடுக்க, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக, குழந்தைகளைப் பள்ளியில் விட. பஸ்ஸுக்காகவும், வீட்டு ஆண்களுக்கு ஒழியும் நேரத்துக்காகவும் காத்திருந்தவர்கள், வேலை முடிந்ததும் தாங்களே புறப்பட்டார்கள். ஜில்லாவில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். அதையே மேல் என்று விரும்பியவர்களும் இருந்தார்கள். ஸீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே இருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.